உரியாத பூச்சு

என் மேசையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒரு துண்டுத் தகட்டை வைத்திருக்கிறேன். தோசையைப் போல இரண்டாக மடிந்த தகடு அது. விழுப்புரத்தில் இந்தக் கூரைத் தகட்டுக் கடைக்கு வேலைக்கு வந்தபோது, பழைய ஆலையிலிருந்து நான் எடுத்துவந்தது அது ஒன்றுதான்.

ஆலை திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இரும்புத் தகட்டை உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூச்சேற்றுவோம். லாரிகளுக்குப் பில் போடுவது என் வேலை. வியாபாரி யார் வந்தாலும் எங்கள் மேனேஜர் ஒரு துண்டை வெட்டி வரச்சொல்லி, இடுக்கியால் மடித்து, மடிப்பின் மேல் நகத்தால் சுரண்டிக் காட்டுவார். "பாருங்க, ஒரு பொட்டு உதிருதா?" என்பார். அப்புறம் டீ வரும். அந்தப் பெருமையை அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை.

ஒருநாள் கோட்டக்குப்பத்து வியாபாரி பையிலிருந்து வேறொரு துண்டை எடுத்தார். கப்பலில் வந்த வெளிநாட்டுத் தகடு. "இதயும் கொஞ்சம் மடிங்க சார்" என்றார். நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றோம். உரிந்து தொலையட்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். உரியவில்லை. "தரம் ஒண்ணுதான் சார், வெலதான் வேற. நான் என்னா பண்றது, நீங்களே சொல்லுங்க" என்றார் வியாபாரி. மேனேஜர் இடுக்கியைக் கீழே வைத்தார். அன்றைக்கும் டீ சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் மனுவும் கையுமாக அலைந்தார். வெளிநாட்டுத் தகட்டுக்கு வரி போடுங்கள், மாலை நேரத்தில் கூடுதலாக வாங்கும் மின்கட்டணத்தையாவது குறையுங்கள் என்று சென்னைக்கும் டெல்லிக்கும் போனார். ஆர்டர் இருக்கிறதோ இல்லையோ, தொட்டியிலுள்ள துத்தநாகம் உறையாமல் உருகியபடியே இருக்க வேண்டும். அதற்கான மின்சாரமே எங்களைத் தின்றது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும், "பரிசீலன பண்ணிக்கினு இருக்காங்களாம்மா" என்பார். கேட்டுக் கேட்டு எனக்கு அந்தச் சொல்லே வெறுத்துவிட்டது. கடைசியில் தொட்டியைக் காலி செய்து, கேட்டைப் பூட்டினார்கள்.

வரி வரத்தான் செய்தது, ஆலை மூடிய பிறகு. கடையில் வெளிநாட்டுத் தகட்டோடு சேர்ந்து உள்ளூர்த் தகடும் விலை ஏறியது.

போன மாதம் மேனேஜர் கடைக்கு வந்தார். கிளியனூரில் அவருடைய மாட்டுக் கொட்டகையின் கூரை காற்றில் போய்விட்டதாம். நான் எழுந்து நின்றேன். விலையைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவ்ளோ ஏறிடுச்சா?"

"வரி வந்துடுச்சிங்க சார்."

"ம்... நாம கேட்டதுதாம்மா" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாடு நிற்கிற இடத்துக்கு மட்டும் தகடு போதும், வைக்கோலுக்குத் தார்ப்பாய் போட்டுக்கொள்கிறேன் என்றார்.

பழக்கதோஷம், ஒரு துண்டை வெட்டி இடுக்கியோடு நீட்டினேன். "மடிச்சிப் பாக்கறீங்களா சார்?"

"வேணாம்மா. எந்த ஊர் தகடா இருந்தாலும் உரியாது. ஜல்தியா ஏத்தச் சொல்லு, மழ வருது."

பில் போட்டேன். மின்விசிறிக் காற்றில் அது பறக்கப் பார்த்தது. மடித்த தகட்டை எடுத்து அதன் மேல் வைத்தேன்.