தள்ளுபடி எட்டாயிரம்

குற்றாலத்தில் கடை போட்டவனுக்குப் பேரம் பேசாமல் எதையும் வாங்கவும் தெரியாது, விற்கவும் தெரியாது. என் தங்கை வாங்க இருந்த வீட்டை அந்தப் புத்திதான் கெடுத்தது.

இதெல்லாம் தொடங்கியபோது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். என் ஜூஸ் கடைக்குப் பெரிய பிரிட்ஜ் ஒன்று வேண்டியிருந்தது. தவணைக் கடனுக்குச் சம்பளச் சீட்டு கேட்டார்கள். எனக்கு ஏது சம்பளம்? அவள் பெயரில் எடுத்தோம், கட்டுவது நான் என்று பேச்சு. அந்த வருஷம் சாரல் ஏமாற்றியது. அருவியில் தண்ணீர் இல்லை, கடையில் ஆள் இல்லை. நாலு தவணை விட்டுப்போனது.

வசூலுக்கு வந்தவர், "அண்ணாச்சி, ஒரே தடவையா ஒரு தொகையக் கட்டுங்க, மீதியத் தள்ளுபடி பண்ணி முடிச்சிருவோம்" என்றார். தள்ளுபடி என்றதும் எனக்குக் கை பரபரத்தது. ரம்புட்டான் பழக் கூடைக்குப் பேசுவது போல அரை நாள் பேசி எட்டாயிரம் குறைத்தேன். தங்கையிடம் பீற்றிக்கொண்டேன். அவளும் சிரித்தாள். கடன் தீர்ந்தது என்றுதான் இருவரும் நினைத்தோம்.

ஆறு வருஷம் கழித்து அவளும் மாப்பிள்ளையும் ஆய்க்குடியில் ஒரு வீடு பார்த்து முன்பணம் கொடுத்தார்கள். அவள் சம்பளத்தை நம்பித்தான் வீட்டுக் கடன். மாப்பிள்ளை வெளியூர் போயிருந்ததால் வங்கிக்கு அவளுடன் நான் போனேன். மேனேஜர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையில் பிரிட்ஜ் கடனுக்கு எதிரே 'செட்டில்டு' என்று இருந்தது.

"முழுசாக் கட்டாம, கொறைச்சுக் கட்டி முடிச்சிருக்கீங்க. அதான் ஸ்கோர் விழுந்துட்டு. இப்படி இருந்தா லோன் தர முடியாதும்மா" என்றார்.

"என் கவனக்குறைவுதான் சார்" என்றாள் தங்கை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் செய்த நான் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

தள்ளுபடியான எட்டாயிரத்தைக் கட்டி, நிலுவை இல்லை என்று கடிதம் வாங்கி, அறிக்கையைத் திருத்த எழுதிப் போடச் சொன்னார் மேனேஜர். மறுநாளே கட்டினேன். கடிதத்துக்கு நடையாய் நடந்தேன். அறிக்கை மாறுவதற்குள் ஒப்பந்தக் கெடு முடிந்துவிட்டது. வீட்டை வேறொருவர் வாங்கிவிட்டார், முன்பணமும் திரும்பவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய வாடகை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். மாப்பிள்ளை என்னிடமே முறையிட்டார்.

"பாருங்க மச்சான், கல்யாணத்துக்கு முந்தி என்னத்தையோ வாங்கிட்டு ஒழுங்காக் கட்டாம விட்டிருக்கா. என்னன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா. இவளால வீடே போச்சு."

தங்கை எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். எழுதவே கூசுகிறது. அவளைப் பார்த்து, "ஏட்டி, நீ கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்லா" என்றேன்.