நரியைக் காணாத ஞாயிறுகள்

கடலூரிலிருந்து வந்த பத்மநாபன், புனே பக்கம் தேஹு ரோடு ராணுவ டெப்போவில் இருபத்தாறு வருடமாக ஸ்டோர்கீப்பர். சரக்கு வந்தாலோ போனாலோதான் இருப்பு அட்டையில் எழுத்து விழும். எதுவும் அசையாத நாளுக்கு எழுத்து கிடையாது. அந்தப் பழக்கம் அவர் கையிலேயே ஊறிவிட்டது.

ஞாயிறு காலைகளில் குன்றடிப் புல்வெளிக்கு நரி பார்க்கப் போவார். சீட்டு, சினிமா எதுவும் இல்லாத மனிதருக்கு அது ஒன்றுதான் சுகம். புல்வெளியை முப்பது கட்டமாக வரைந்து வைத்திருந்தார். நரியைக் கண்டால் தேதியும் கட்ட எண்ணும் நோட்டில் ஏறும். காணாவிட்டால் நோட்டைத் திறக்கவே மாட்டார்.

2007இல் அங்கே குடியிருப்பு கட்ட அனுமதி கேட்டார்கள். ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று அறிவிப்பு வந்தது. பத்மநாபன் நோட்டுகளை வருடவாரியாகப் பிரதியெடுத்துக் கொடுத்தார். அதுவே வினையாயிற்று. 1999இல் நாற்பத்தொரு தடவை நரி. 2006இல் இரண்டே தடவை. ஆகவே நரி இடத்தைக் காலி செய்துவிட்டது என்று கட்டுபவர்களின் அறிக்கை அவர் பெயரைப் போட்டே சொன்னது.

"நரி எங்கயும் போகல மல்லிகா. நான்தான் போகல," என்று மனைவியிடம் பொருமினார். அந்த வருடம் முழுக்க முழங்கால் அவரைப் படுத்தி எடுத்திருந்தது. அதை எப்படி நிரூபிப்பது?

விசாரணைக்கு ஒரு மாதம் இருந்தது. எத்தனை தடவை போனோம், அதில் எத்தனை தடவை கண்டோம் என்பதை வைத்து, கண்ணில் படாத விலங்கும் இருக்கிறதா என்று கணிக்கும் புள்ளியியலைப் புனேயின் பாணேர் பகுதியில் ஐந்து நாள் வகுப்பில் சொல்லித்தருவதாகக் கேள்விப்பட்டு, லீவு போட்டுவிட்டுப் போனார். மாணவர்களெல்லாம் அவர் மகன் வயது. வகுப்பெடுத்த பானு புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். மூன்று நாள் தலை சுற்றியது. நான்காம் நாள் கொஞ்சம் பிடிபட்டது. உற்சாகமாக நோட்டுகளை நீட்டினார்.

"அங்கிள், ஜீரோ எங்க?"

"என்ன ஜீரோ?"

"நீங்க போனீங்க, நரி தெரியல. அந்த நாளெல்லாம்?"

"தெரியாத நாளுக்கு என்னத்தம்மா எழுதுறது?"

"அரே அங்கிள், அதுதான் பாதி டேட்டா! அது இல்லன்னா நரி குறைஞ்சுதா, நீங்க போறது குறைஞ்சுதான்னு கணக்குக்கு எப்படித் தெரியும்?"

பக்கத்திலிருந்த பையன் இந்தியில், "குத்துமதிப்பாகப் போட்டுவிடுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றான். பத்மநாபன் தலையாட்டி மறுத்தார். கண்ணால் பார்க்காத சரக்கை அவர் ஒருநாளும் அட்டையில் ஏற்றியதில்லை.

வீட்டில் மல்லிகாவைப் பிடித்துக்கொண்டார். "2003 மார்ச்சுல எத்தனை ஞாயிறு போனேன்? எந்தப் பக்கம் போனேன்?"

"கால்சட்டை பூரா முள்ளோட வருவீங்க, அதான் தெரியும். எந்தக் கட்டத்து முள்ளுன்னு நான் கண்டேனா? அந்த நரியையே கட்டியிருந்தா அது சொல்லியிருக்கும்."

மீதமிருந்த மூன்று ஞாயிறும் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார். அவர் கால் எட்டியது பத்துக் கட்டம்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகப் பூஜ்யம் போட்டார். முப்பது பூஜ்யங்கள்.

பானு அதைக் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"ஒரு தடவை பாத்திருந்தாகூட ஏதாவது சொல்லும் அங்கிள். எல்லாமே ஜீரோன்னா, நரி இல்லையா, இருந்தும் தெரியலையான்னு இதால பிரிக்க முடியாது."

"நான் ஏதும் தப்பாப் போட்டுட்டேனா?"

"இல்ல அங்கிள். எல்லாம் கரெக்டா இருக்கு."

விசாரணையன்று பத்மநாபன் எழுந்து, காணாததும் இல்லாததும் ஒன்றல்ல என்று தன் இந்தியில் விளக்கத் தொடங்கினார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"நரி இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தை."

இருக்கிறது என்று சொல்ல பத்மநாபனுக்கு நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியாது, சாப்."

ஆட்சேபம் சொன்னவருக்கே தெரியவில்லை என்று குமாஸ்தா மராத்தியில் எழுதித் தாளை நீட்டினார். பத்மநாபன் இரண்டு முறை படித்துப் பார்த்தார். அதில் பிழை எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டார்.