கையெழுத்துப் போடாத சோசே

சீட்டை வாங்கி முன்பக்கம் படிக்கிறாள். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்க்கிறாள். அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் தாள். அதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சோசே அக்கா திருப்பித் தருகிறாள். சீட்டில் இருப்பது அன்றைக்கு அவள் கொண்டுவந்த ராஸ்பெர்ரியின் எடை மட்டும். பின்னால் வரிசையில் நிற்கும் ஆண்கள் பொறுமை இழக்கிறார்கள்.

“கையெழுத்தைப் போட்டுட்டு நகரு தாயி, பழம் கசியுது!”

“கசியட்டும், உன் பழம்தானே? எடை சரியா இருக்கு. கையெழுத்தெல்லாம் கிடையாது.”

பழம் வாங்கும் அந்தக் குளிர்கிடங்கில் எடை போடுகிறவள் நான்தான். ஒன்பது வருஷமாக அவளுடைய சீட்டில் கையெழுத்து இடம் காலியாகத்தான் போகிறது. மீட்டர் பார்க்க வருகிறவனுக்கும் தபால்காரனுக்கும் இதே கதிதான்.

ஐம்பத்தாறு வயது. குட்டையான உருவம். முன்கட்டுத் துணிப் பையில் எப்போதும் கிளை வெட்டும் கத்தரி இருக்கும். கல்யாணத்துக்குப் போனாலும் இருக்கும். ஒருமுறை மணமகனின் சட்டைப் பூவில் காம்பு நீண்டிருப்பதைப் பார்த்து, எழுந்து போய் நறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கொசோவோவில் நாங்கள் பேசும் மொழியில் சோசே என்றால் ‘முடிந்தது’ என்று பொருள். நாலாவதும் பெண்ணாய்ப் பிறந்ததில் அவள் அப்பா வைத்த பெயர். இத்தோடு போதும் என்று கடவுளிடம் போட்ட மனு. மனு பலித்தது, அடுத்ததாகத் தம்பி ராகிப் பிறந்தான். “என் பேராலதான் அவன் பொறந்தான். அந்தக் கூலிக்காவது எனக்கு ஒரு துண்டு நிலம் தர வேண்டாமா?” என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

கல்யாணமாகி ஆறாம் வருஷம் புருஷன் செத்தான். குழந்தை இல்லை. புகுந்த வீட்டில், “பிள்ளை இல்லாதவளுக்கு இங்க என்ன பங்கு?” என்று ஒரு பெட்டியோடு அனுப்பினார்கள். பிறந்த வீட்டுக்கு வந்தாள். அங்கே எல்லாம் தம்பிக்குத்தான் என்று அப்போதே பேச்சு. தம்பியோ ஜெர்மனியில். அப்பாவின் சாலையோரச் சரிவு அப்போது முள்ளும் கல்லுமாகக் கிடந்தது. அந்தக் கல்லையே பொறுக்கி, மழையில் மண் ஓடாமல் வரிசை வரிசையாய் வரப்புக் கட்டினாள். ஆட்டுப்புழுக்கையை முதுகில் சுமந்து கொட்டினாள். இன்று எங்கள் லாப் பள்ளத்தாக்கில் அவளுடைய பழத்துக்கு ஈடில்லை. இதை நான் தராசைப் பார்த்துச் சொல்கிறேன்.

அப்பா செத்த ஏழாம் நாள் ராகிப் ஒரு தாளை நீட்டினான். “கரண்டு கனெக்‌ஷனை மாத்தணும்க்கா, இங்க போடு.” அழுது வீங்கிய கண்ணோடு அவள் வாசித்தாள். மூன்றாம் வரியில் மின்சாரம் இல்லை. அப்பாவின் சொத்தில் தன் பங்கைத் தம்பிக்கு மனமுவந்து விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது. மனமுவந்தாம்! அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்தப் பழக்கம்.

கொசோவோவின் சட்டப்படி மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. சட்டம் யாருக்கு வேண்டும்? நோட்டரி முன்னால் அக்கா தங்கைகளை உட்காரவைப்பார்கள், அஞ்சு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். அவளுடைய மூன்று அக்காமாரும் போட்டார்கள். நானும்தான் என் அண்ணனுக்குப் போட்டேன். வெளியே வந்ததும் கோழி வறுவல் வாங்கிக் கொடுத்தான், வெட்கம் கெட்டுத் தின்றேன். 

ஆலங்கட்டி மழைக்கு வலை கட்ட அரசாங்கம் மானியம் தருகிறது என்று நகராட்சிக்குப் போனாள்.

“பட்டா யார் பேர்ல?” என்றான் அங்கே இருந்தவன்.

“செத்துப்போன எங்கப்பா பேர்ல.”

“அப்போ அவரைக் கூட்டிட்டு வாம்மா.”

சொல்லிவிட்டுப் பக்கத்து மேஜையைப் பார்த்துச் சிரித்தானாம். அந்த ஜூனில் ஆலங்கட்டி கொட்டியது. பட்டா வைத்திருந்த பக்கத்து வயல்காரனின் செடிகள் வலைக்குக் கீழே பத்திரமாக இருந்தன. இவளுடையவை கூழாகிவிட்டன. வரப்பில் வால்நட் கன்று வைக்க அவளுக்கு ஆசை. “பத்து வருஷம் கழிச்சுக் காய்க்கிற மரம். யாருக்குன்னு வைக்கிறது?” என்பாள்.

போன ஜூலையில் ராகிப் வந்தான். அந்தச் சரிவைக் கல்யாண மண்டபம் கட்டுகிறவனுக்கு விற்கப் பேசி முடித்துவிட்டான், சோசேயின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. கூடவே இமேர் சித்தப்பாவையும் ஊர்த்தலைவரையும் அழைத்து வந்தான். பழம் பறிக்கப் போயிருந்த நானும் கதவோரம் நின்றேன். சோசே மூன்று கோப்பைக் காபி கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை. கோரிக்கையோடு வருகிறவர்கள் எங்கள் ஊரில் அப்படித்தான். வீட்டுக்காரர் வாயால் ‘குடிங்க’ என்று வரவேண்டும். வந்தால் கேட்டதைக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம்.

சித்தப்பா தொடங்கினார். “ஏம்மா சோசே, நாளைப்பின்ன தம்பி வீட்டு வாசல் உனக்கு வேணாமா?”

“வருஷத்துல பதினோரு மாசம் அந்த வாசலைப் பெருக்குறது யாரு சித்தப்பா? எனக்கு வீடு வேண்டாம், கீழ்வயல் வேண்டாம். இந்தச் சரிவை மட்டும் என் பேர்ல எழுதச் சொல்லுங்க.”

“உனக்கு ஒரு ரூம் எப்பவும் உண்டுக்கா,” என்றான் ராகிப். “நான் என்ன உன்னை நடுத்தெருவுலயா விடப்போறேன்?”

“விடமாட்டே. ஆனா விடலாம்ல? நாளைக்கு உனக்குக் கோவம் வந்தா விடலாம்ல? அதைத்தான்டா கேக்குறேன்.”

ராகிப்புக்கு முகம் சிவந்தது. “அப்போ கேட்டுக்கோ. கையெழுத்துப் போடலைன்னா எனக்கு அக்காவே கிடையாது.”

இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அவளுடைய உதடு நடுங்கியதை நான் பார்த்தேன். பாவி, அவனும் பார்த்தான். ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சோசே குனிந்து தம்பியின் கோப்பையை எடுத்தாள். கசடு வரைக்கும் ஒரே மடக்கில் குடித்தாள். கவிழ்த்து வைத்துவிட்டு, சித்தப்பாவின் கோப்பையை எடுத்தாள்.