கட்டைக்குள் கிடந்த வெடி

வெடி என்றால் வெடிமருந்துதான், அதற்கு வேறு பொருளே கிடையாது என்று நம்பியவன் நான். அந்த நம்பிக்கையோடு கோட்டாற்றுத் தெருவில் ஓடியும் இருக்கிறேன்.

அப்போது மலைத்தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். துரை பழைய துப்பாக்கிகளைச் சேர்ப்பவர். அவற்றில் அவருடைய பாட்டனாரின் ரைபிள் ஒன்று, குழல் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டு இடிக்கிற ரகம். இரும்பு துருப்பிடித்தாலும் போகட்டும், கட்டை மட்டும் பழைய மரமாகவே இருக்கவேண்டும் என்பார். அவர் கொடைக்கானல் போன சமயம், அதைத் தோளில் சார்த்திக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றேன். மீசையை முறுக்க ஒரு கை தேவைப்பட்டது. துப்பாக்கி நழுவி விழுந்து, கைப்பிடிக் கழுத்தில் கட்டை விரிந்தது.

துரை கண்டால் வேலை போகும். வீட்டில் என்னை நம்பி ஆறு வயிறு. சாக்கில் சுற்றிக் கோட்டாற்று ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் கட்டையை நகத்தால் தட்டிக் காதோரம் வைத்துக் கேட்டார்.

"உள்ள வெடி கெடக்கு, கணக்கப்பிள்ளே."

அடுத்த நொடி நான் தெருவில், ஒரு வண்டிக்காளைக்குப் பின்னால். காளை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். ஒரு செருப்பு ஆசாரி வாசலிலேயே கிடந்தது.

"எங்க ஓய் ஓடுதீரு? மரம் பொளந்தா எங்களுக்கு அது வெடி. உள்ள நீளமா ஓடியிருக்குன்னு சொன்னேன். மாடு மூத்திரம் விடும் முன்ன இங்க வாரும்."

தெருவே சிரித்தது. மருந்து ஏதும் இருக்குமா என்று கேட்க வாயெடுத்தேன். அந்தச் சிரிப்பில் கேள்வியை விழுங்கிவிட்டேன்.

ஆசாரி வச்சிரப்பசையை உருக்கி, கோழி இறகால் விரிசலுக்குள் செலுத்தி, ஈரக்கயிற்றால் இறுக்கிக் கட்டினார். நாலாம் நாள் கயிற்றை அவிழ்த்து எண்ணெய் தேய்த்தார். விரிசல் இருந்த இடம் எனக்கே தெரியவில்லை.

ஒட்டுப் பிடித்ததா என்பதை அவர் சத்தத்தில்தான் பார்ப்பார். துப்பாக்கியை நிமிர்த்தி நிறுத்தி, இடது உள்ளங்கையால் குழல்வாயை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் கட்டையை மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தார்.

"கேக்கா? வெடி போச்சு."

"அப்ப இனி நான் ஓடண்டாம்."

"செருப்ப மட்டும் கழத்திராதேயும்."

சிரித்துக்கொண்டே தட்டியதில் கொட்டாப்புளி வழுகி, விசையை இழுத்தால் வந்து அடிக்கிற குதிரையின் மேல் பட்டது. அதற்கடியில் அடிபட்டால் பொறி கக்கும், பச்சை பூத்த செப்புக் கேப்பு ஒன்று இருந்ததை நாங்கள் இருவரும் பார்த்திருக்கவில்லை. எந்தக் காலத்தில் யார் இட்ட மருந்தோ, குழலுக்குள் கிடந்தது.

அன்றும் ஓடினேன், வைத்தியரைக் கூட்டிவர. பிறகு துப்பாக்கியைக் கழுவித் துடைத்து, இருந்த இடத்திலேயே மாட்டினேன்.

துரை வந்து எடுத்துப் பார்த்தார். கட்டையில் எதையும் கண்டுபிடிக்கவில்லை. என் வேலை போகவில்லை. ஆசாரிக்கு இடது கையில் பெருவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின.