வைப்பர் நின்றுபோன ஜீப்பில் மீனம்பாக்கத்துக்கு

பழைய ஜீப் ஒன்றை வாங்கியிருப்பதாகவும், இந்த மழைக்காலத்திலேயே வெளியூர் போகலாமா என்றும் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருக்காக இதை எழுதுகிறேன். பயணம் நடந்தது எண்பதுகளின் கடைசியில், ஒரு நவம்பரில். ஆவடியிலிருந்து பூந்தமல்லி, குன்றத்தூர், பல்லாவரம் வழியாக மீனம்பாக்கம். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. மழையில்லாத நாளில் ஒன்றேகால் மணி நேரம்.

என் அண்ணன் அருள் மஸ்கட்டுக்கு வேலைக்குக் கிளம்பினான். ஏஜென்ட் முந்தின நாளே போகிறவர்கள் எல்லோரையும் எழும்பூர் லாட்ஜுக்கு வரச் சொல்லிவிட்டார். "ஒன்றரை மணி வரைக்கும் ஏர்போர்ட் வாசல்ல நிப்பேம்மா, வந்துடு" என்று அண்ணன் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் பதினொன்றரைக்கு அம்மா, நான், என் கணவர் தாமஸ் மூவரும் புறப்பட்டோம். ஜீப் தாமஸுடையது. பந்தல் சாமான் ஏற்ற ராணுவ ஏலத்தில் எடுத்தது.

பருத்திப்பட்டு தாண்டும்போது மழை வலுத்தது. பூந்தமல்லிக்குள் நுழையுமுன் வைப்பர் கண்ணாடியின் நடுவிலேயே நின்றுவிட்டது. எதிரே வரும் லாரி வெறும் மஞ்சள் வெளிச்சமாகத்தான் தெரிந்தது. ஓரமாக நிறுத்தினோம்.

தாமஸ் முதலில் ஃபியூஸைப் பார்த்தார். நன்றாக இருந்தது. பிறகு எர்த் ஒயரைப் பிடித்துப் பார்த்தார். திருகாணியைச் சுற்றித் துரு. கத்தியால் சுரண்டி முறுக்கியதும் வைப்பர் ஓடியது. "உசுரு கீது அத்தே, பயப்படாதீங்க" என்றார் அம்மாவிடம். அதற்குள் முக்கால் மணி நேரம் போயிருந்தது.

மாங்காட்டைக் கடந்ததும் மறுபடி நின்றது. இந்தத் தடவை மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டது, வைப்பர் மட்டும் அசையவில்லை. உள்ளே பல்சக்கரம் தேய்ந்துவிட்டது. சாலையோரத்தில் வைத்துச் சரிசெய்யக்கூடிய பழுதல்ல. தாமஸ் விடாமல் அதையே கழற்றிக்கொண்டிருந்தார். அம்மா என் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

எதிரிலிருந்த டீக்கடைக்காரர்தான் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"இன்னா நைனா, எங்க போவணும்?"

"ஏர்போர்ட்டு. மச்சான் வெளிநாடு போறாரு."

"அப்ப இத்த நோண்டிகினு நிக்காத. வைப்பர்ல ரெண்டு பக்கமும் கவுறு கட்டு. ஆளுக்கொரு முனையா இஸ்துகினே போங்க." கயிறும் அவரே தந்தார்.

முன் சீட்டில் இடது பக்கம் அம்மா, தாமஸுக்குப் பின்னால் நான். படுதாவை விலக்கிக் கையை வெளியே நீட்டி அம்மா இழுப்பாள், நான் விடுவேன். நான் இழுக்க, அவள் விடுவாள். குன்றத்தூர் தாண்டியதும் அவள் உள்ளங்கை சிவந்து, முழங்கைவரை புடவை நனைந்திருந்தது. மாற்றி உட்காரலாம் என்றேன். "பேசாம இழுடி" என்றாள்.

போய்ச் சேர்ந்தபோது இரண்டேகால். வாசலில் அண்ணன் இல்லை. பார்வையாளர் மாடத்துக்கு டிக்கெட் வாங்கி மேலே ஓடினோம். கீழே விமானத்தை நோக்கிக் குடைகள் நகர்ந்தன. ஒரு முகமும் தெரியவில்லை.

"அவன் எங்கே? எந்தக் குடையில போறான்?" என்று அம்மா கேட்டாள்.

தாமஸ் ஒரு கறுப்புக் குடையைக் காட்டினார். "அதோ அத்தே, அருளு மச்சான்தான்."

அந்தக் குடை படியேறி மறையும்வரை அம்மா கையாட்டினாள். அது யாரென்று தாமஸுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இரண்டு வருடம் கழித்து அண்ணன் லீவில் வந்தான். அதுவரை கடிதங்களில் அந்த நாளைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நாங்களும் எழுதவில்லை. சாப்பிட உட்கார்ந்ததும், "நான் கை காட்டினது தெரிஞ்சுதாடா?" என்று அம்மா கேட்டாள். அவன் எங்களை ஒருமுறை பார்த்தான். "தெரிஞ்சுதும்மா" என்றான். கை கழுவ வந்தபோது என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "நான் ரெண்டு மணிக்கே ப்ளேன்ல ஏறி உக்காந்துட்டேன். யாருமே வரலன்னுதான் இத்தினி நாளா நெனச்சிகினு இருந்தேன்."

அந்த இரண்டு வருடத்தை அவனுக்கு யார் திருப்பித் தருவது? தாமஸ் அந்தப் பயணத்துக்கு அடுத்த வாரமே மோட்டாரை மாற்றினார்.

வாசகருக்கு: ஃபியூஸ், எர்த் ஒயர், பல்சக்கரம் மூன்றையும் மழை வருமுன் பார்த்துவிடுங்கள். மோட்டார் சத்தம் கேட்டும் வைப்பர் அசையாவிட்டால் வழியில் கழற்றாதீர்கள். நாலு முழம் கயிறு வண்டியில் கிடக்கட்டும். ஊர் சுற்ற ஜீப்பில் தாராளமாகப் போகலாம். யாரையாவது வழியனுப்ப வேண்டுமென்றால் மின்சார ரயிலில் போங்கள்.