தாய்மாமனுக்கு வந்த புகையிலை

கல்யாணமாகி ஏழு வருஷம். தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று யாராவது கேட்காத வாரம் கிடையாது. கேட்பவர்கள் என் வயிற்றைத்தான் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாமியார் எனக்காக நேர்த்தி வைக்காத கோயில் இல்லை. அதிலும் வேண்டுதலைவிட ஏச்சுதான் தூக்கலாக இருக்கும்.

எனக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "சிகரெட் குடிப்பீங்களா?"

"இல்லைங்க, அந்தப் பழக்கமே கிடையாது."

பொய்யில்லை. அவர் வேலை செய்கிற தேயிலை ஃபேக்டரிக்குள் எதையும் பற்றவைக்கக் கூடாது என்பதால் அங்கே ஆண்களுக்கு வாயில்தான் புகையிலை. வெற்றிலையோடு போகிறதை எங்கள் பக்கம் யாரும் கெட்ட பழக்கத்தில் சேர்ப்பதில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "நாள் முழுக்கப் பொகையில போடுவாருங்க" என்றேன்.

சோதனைக்கு எடுத்த அவருடைய விந்தணுக்களை டாக்டரம்மா திரையில் காட்டினார். கொஞ்சம்தான் நேராக நீந்தின. சில ஒரே இடத்தில் வட்டமடித்தன. பல அசையவேயில்லை. நிகோட்டின் கன்னத்துச் சதை வழியாக ரத்தத்தில் இறங்கி, விந்தணு உருவாகிற இடம் வரைக்கும் போகுமாம். வாலை ஓட்டுகிற சக்தி அணுவின் கழுத்துப் பக்கத்தில் உண்டாகிறதாம்; அது கெட்டால் வால் ஓய்ந்துவிடும். தலைக்குள் இருக்கிற டி.என்.ஏ. இழையும் அங்கங்கே அறுந்துபோகலாம். அப்படிப்பட்ட அணு முட்டையைச் சேர்ந்தாலும் கரு நிலைப்பது கஷ்டம்.

"புது அணு உருவாக மூணு மாசம் போல ஆகும். அதுவரைக்கும் ஒரு துண்டுகூட வாயில போகக் கூடாது. கட்டாயம் சரியாகும்னு நான் சொல்ல மாட்டேன்."

வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் கேட்டுக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு வருஷம் நான் வாங்கிய பேச்சை இவர் ஒரு நாள் வாங்கக் கூடாதா? ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாவது மாதம் வெலிமடையில் அவர் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். மாமியார் என்னிடம், "நீ செத்த தள்ளி நில்லு" என்றார். பிள்ளையில்லாதவள் பக்கத்தில் இருக்கக் கூடாதாம். நின்றேன். குத்துவதற்கு முன்னால் தாய்மாமனுக்கு மரியாதைத் தட்டு வரும். வெற்றிலை, பாக்கு, புகையிலை. எடுத்துப் போடாவிட்டால் மனஸ்தாபம் என்று அர்த்தம். பல்வலி என்று சொல்லிவிடுங்கள் என்று நானே சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அவர் தட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தங்கச்சி புருஷனின் முகம் சுருங்கியது. "என்னா மச்சான், எங்க மேல கோவமா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் அம்மாவைப் பார்த்தார்.

"கோவமில்ல மச்சான். புள்ள இல்லாததுக்குக் கொறை எங்கிட்டதான் இருக்கு. அவகிட்ட ஒண்ணுமில்ல. பொகையிலதான் காரணமா இருக்கும்னு டாக்டரம்மா விடச் சொல்லியிருக்காங்க. விட்டாலும் நிச்சயமில்ல."

 மாமியார் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். என் வீட்டுக்காரர் பாயில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். "இங்க வந்து உக்காரு."

உட்கார்ந்தேன். ஊசி ஏறியதும் அவர் மடியிலிருந்த பிள்ளை வீறிட்டது. நானும் அழுதேன். அதன் கால் என் மடியில் வந்து கிடந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.