மீனம்மாளின் மூக்கு

மீனம்மாளின் மூக்கைப் பற்றி ஒரகடம் கூட்ரோட்டில் கிண்டல் செய்யாதவர்கள் கிடையாது. இட்லிக் கடை நடத்தியவள். தூர நின்றே மாவு புளித்துவிட்டதா என்று சொல்வாள். ஆனால் அந்த மூக்குக்கு உண்மையான வேலை சாயங்காலம்தான். லாரியில் லோடு ஏற்றிவிட்டு வரும் புருஷன் கோதண்டத்தை வாசலிலேயே நிறுத்தி, "ஊது" என்பாள். அவன் கொய்யா இலை மென்றிருப்பான், பச்சை வெங்காயம் கடித்திருப்பான். எதுவும் அவளிடம் செல்லாது.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்பார்கள். கோதண்டத்தின் பேச்சு விடியும்வரைகூடத் தாங்காது. போதையில் அவள் கையை ஒடித்துவிட்டு, மாடு முட்டிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னவன் அவன்.

தொண்ணூற்றொன்றில் மலிவு விலைச் சாராயக் கடைகளை அரசாங்கம் மூடியது. ஏரிக்கரையில் காய்ச்சுகிற இடத்தை அவன் உடனே கண்டுபிடித்துவிட்டான். ஆடிக் கிருத்திகைக்கு மீனம்மாள் அவனை வல்லக்கோட்டைக்கு இழுத்துப் போய், இனிக் குடிப்பதில்லை என்று முருகன் சன்னதியில் கயிறு கட்டவைத்தாள். கயிற்றோடு குடித்தால் சாமி கை காலை வாங்கிவிடும் என்று அந்தப் பக்கத்தில் எல்லோரும் நம்பினார்கள்.

மறுநாளே கோதண்டத்தின் கை நடுங்கியது. அதற்கடுத்த நாள் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. வேர்த்துக் கொட்டியது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தான். மீனம்மாள் மோந்து பார்த்தாள். நாற்றமே இல்லை. அதுதான் அவளுக்குப் பெரிய சந்தேகம்.

"கயித்தக் கட்டிக்கினு குடிச்சிருக்கான்டி. சாமி குத்தம், வேற இன்னா?" என்றாள் எதிர்வீட்டுக் கனகம்.

"குடிக்கல மே. மெய்யாலுமே குடிக்கல" என்றான் கோதண்டம்.

"வாசன வராத சரக்கு எதனா கண்டுபுடிச்சிட்டியா? வா, சாமி கால்ல வுழுந்து ஒத்துக்கோ."

அடுத்த நாள் காலை மீனம்மாள் அவனை பஸ் ஏற்றி வல்லக்கோட்டைக்குக் கொண்டுபோனாள். கோயில் வாசலில் அவனை உலுக்கினாள். "குடிச்சேன்னு சொல்லுய்யா, சாமி மன்னிச்சிடும்!" குடிக்கல, குடிக்கல என்றே முனகிக்கொண்டிருந்தவன் கண் செருகி விழுந்தான். வலிப்பு. யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள், யாரோ விபூதி பூசினார்கள். கடைசியில் பூ ஏற்றி வந்த வேன்தான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

உயிர் பிழைத்துவிட்டான். "ரொம்ப நாள் குடிச்ச உடம்பும்மா. திடீர்னு நிறுத்தினா சிலருக்கு இப்படி ஆகும். குடி ஒரு நோய். வைத்தியத்தோடதான் நிறுத்தணும்" என்றார் அங்கிருந்த லேடி டாக்டர்.

மீனம்மாள் அவரையும் சந்தேகமாகத்தான் பார்த்தாள். "குடிச்சாலும் நோவுன்றீங்க, வுட்டாலும் நோவுன்றீங்க. அப்ப என் கைய ஒடிச்சது யாரு? நோவா, இந்த ஆளா?"

"அவர்தான். நோய்னா தப்பே இல்லன்னு நான் சொல்லலம்மா. மருந்து வேணும்னு சொல்றேன்."

"அப்ப கயிறு கட்டினதுலேர்ந்து இவன் குடிக்கவே இல்லியா?"

"குடிச்சிருந்தா இந்த வலிப்பே வந்திருக்காதும்மா."

மீனம்மாள் வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள். குடிக்கல என்றதுதான் அவன் அவளிடம் சொன்ன முதல் உண்மை. அதற்காகத்தான் அவனைச் சாகக் கொடுக்கப் பார்த்தாள்.

அவன் மருந்து மாத்திரையோடு வீடு திரும்பிய பிறகும் அவள் மோந்து பார்ப்பதை விடவில்லை. "நோவுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க, இன்னும் இன்னாத்துக்கு?" என்று கனகம் கேட்டதற்கு, "சக்கர நோவுக்கு டெஸ்ட்டு எடுக்கறதில்லியா?" என்றாள்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் கோதண்டம் வாசலில் வந்து நின்றான். அவள் வாயைத் திறக்கும் முன்பே, "இன்னிக்கி குடிச்சிட்டேன் மே. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ" என்றான்.

மீனம்மாள் அதையும் நம்பவில்லை. கிட்டே போய் மோந்து பார்த்தாள். சொன்னது உண்மைதான். அடுப்பை அணைத்துவிட்டு, நல்ல புடவையாக ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு, அவன் கையைப் பிடித்து பஸ்ஸுக்கு நடந்தாள்.